கால்நடை வளர்ப்பு பற்றி வானொலியில் முதன்முறை பேசப்போகும் மாணவருக்கு

வேளாண்மையோ கால்நடை மருத்துவமோ பயிலும் மாணவருக்கு வானொலியில் பேசும் வாய்ப்பு பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது: ஒன்று அகில இந்திய வானொலியின் பண்ணை இல்ல ஒலிபரப்பு, மற்றொன்று கல்லூரிகளும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நடத்தும் சமுதாய வானொலி. பண்ணை இல்லப் பிரிவுகள் 1966-இல் தொடங்கப்பட்டவை. திருச்சி வானொலியில் கேட்டுத் தஞ்சை உழவர்கள் பயிரிட்ட ஏடிடி 27 நெல் ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் நிலைத்தது. கேட்டவர் மறுநாளே செய்யக்கூடிய ஒரு காரியம் அந்தப் பேச்சில் இருந்தது என்பதே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆகவே ஐந்து நிமிட உரைக்கு ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கறவை மாடு வளர்ப்பு' என்பது பாடநூலுக்கான தலைப்பு; 'கன்று பிறந்த முதல் ஒரு மணி நேரம்' என்பதே வானொலிக்கானது.

எழுத உட்காருவதற்கு முன், அந்தக் காரியத்தைக் கொட்டிலில் உங்கள் கையால் ஒருமுறையேனும் செய்திருக்க வேண்டும். கன்றின் தொப்புள்கொடியை உடலிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை தள்ளி, சுத்தமான நூலால் கட்டி, அதற்குக் கீழே வெட்டி, வெட்டிய முனையில் டிங்ச்சர் அயோடின் தடவுவது எழுத்தில் ஒரே வாக்கியம்தான். ஆனால் பிறந்த கன்றின் உடல் எவ்வளவு வழுக்கும், துடைக்க வைக்கோலா பழைய சாக்கா எது ஏற்றது, இன்னொருவர் எங்கே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் செய்து பார்த்தவருக்கே தெரியும். கேட்பவர் நம்புவதும் அந்த விவரங்களைத்தான்.

சீம்பாலைப் பற்றிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றைப் பால் குடிக்க விட வேண்டும் என்ற எண்ணம் இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. அதைப் பழிக்காமல், ஆனால் தெளிவாக மறுத்துச் சொல்ல வேண்டும். மாட்டினத்தில் தாயின் நோய் எதிர்ப்பாற்றல் கருப்பையிலிருக்கும்போது கன்றுக்குச் செல்வதில்லை; சீம்பால் வழியாகத்தான் செல்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் கன்றின் குடலில் மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் இல்லாமலே போகிறது. கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்து, நஞ்சுக்கொடி விழவும் துணைசெய்கிறது. இந்தக் கடைசிச் செய்தியைச் சொன்னால் கேட்பவரின் மறுப்பு தானாக அடங்கிவிடும். சீம்பாலின் அளவு கன்றின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கையும் அப்படியே வாசித்துவிடாதீர்கள். '25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து' என்று சொல்லுங்கள். (அண்டை வீட்டார் சீம்பாலுக்குப் பாத்திரத்தோடு வருவார்கள். கன்றுக்குப் போகத்தான் மிச்சம் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம்.)

நோய்ப் பெயர்களில் ஊர் வழக்கையே பின்பற்றுங்கள்: கோமாரி, சப்பை நோய், ஆடுகளுக்குத் துள்ளுமாரி, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல்.

நேர்காணல் எடுப்பதானால், பால் கறவை முடிந்து மாடுகள் அசைபோடும் வேளையே ஒலிப்பதிவுக்கு ஏற்றது. தகரக் கூரையையும் ஓடும் மின்விசிறியையும் தவிர்த்து, கைப்பேசியை வாய்க்கு நேராக அல்லாமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் பிடியுங்கள். 'கோமாரித் தடுப்பூசி போட்டீர்களா அக்கா?' என்று கேட்டால் 'போட்டாச்சு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'ஊசி போட்ட மறுநாள் மாடு எப்படி இருந்தது?' என்று கேளுங்கள். பால் சற்றுக் குறைந்தது, ஊசி போட்ட இடம் வீங்கியது, அடுத்த முறை வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள் என்றெல்லாம் வரும். பலர் தடுப்பூசிக்குத் தயங்குவது இதனால்தான். அந்தக் குறைவு பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும் என்ற மருத்துவரின் விளக்கத்தை அதை அடுத்தே சேர்த்துவிட்டால், நிகழ்ச்சி பயன் தரும்.

மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசும் முறை போன்றவற்றைச் சொல்லும்போது, அளவுகளை இரண்டு முறை, எழுதிக்கொள்ளும் வேகத்தில் சொல்ல வேண்டும். பால் கட்டிகட்டியாகவோ இரத்தம் கலந்தோ வந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒலிபரப்பவே கூடாது. மாட்டை நேரில் பாராமல் அதைச் சொல்லும் தகுதி மாணவருக்கு மட்டுமல்ல, எவருக்குமே இல்லை.

கையெழுத்துப் படியைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்க வாசித்து, மூச்சு முட்டும் இடங்களில் வாக்கியத்தை உடைத்து, ஆசிரியரான கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்திய பிறகே நிலையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். முடிவில் கால்நடை அவசர ஊர்தியின் 1962 என்ற எண்ணை 'ஒன்று, ஒன்பது, ஆறு, இரண்டு' என இலக்கம் இலக்கமாகச் சொல்லிவிட்டு விடைபெறுங்கள்.