எல்லை தாண்டிய சிம்மும் குறுஞ்செய்திக் கட்டணமும்: பாலக்காட்டுப் பக்கம் புதிதாக வருவோருக்கு

கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்துக்கும் வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தமிழ்நாட்டு எண்ணையே வைத்துக்கொண்டால், குறுஞ்செய்தி வந்தாலும் அனுப்பினாலும் காசு பிடிப்பார்களா? (இங்கே நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூருக்கோ தடா, சத்தியவேடு பக்கமோ போகிறவர்களுக்கும் விதி இதுவேதான்.)

வருகிற குறுஞ்செய்திக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டு சிம் கேரளத்தில் ரோமிங்கில் இருக்கும்போதும் இல்லை. வங்கி தன் தகவல் சேவைக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் கழிக்கும் தொகை வேறு. அதற்கும் அலைபேசி நிறுவனத்துக்கும் தொடர்பில்லை என்பதால், அதை வங்கிக் கிளையில்தான் கேட்க வேண்டும்.

அனுப்புவதில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வரைபடத்தில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளம் இன்னொரு வட்டம், ஆந்திரமும் தெலங்கானாவும் சேர்ந்து மற்றொன்று. நாளுக்கு 100 குறுஞ்செய்தி தரும் திட்டங்கள் பெரும்பாலும் நாடு முழுவதற்கும் செல்லும் என்பதால், அந்த அளவுக்குள் இருக்கும் வரை எந்த வட்டம் என்ற கவலையே வராது. அளவு தீர்ந்துவிட்டாலோ, குறுஞ்செய்தியே சேராத மலிவுத் திட்டத்தைப் போட்டிருந்தாலோ, பல நிறுவனங்களில் உள்ளூர்ச் செய்திக்கு 1 ரூபாயும் வெளிவட்டச் செய்திக்கு 1.50 ரூபாயும் பிடிக்கிறார்கள். கேரள சிம் வாங்கிய பிறகு பொள்ளாச்சியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவது வெளிவட்டச் செய்தி ஆகிவிடும். வீடு 20 கிலோமீட்டருக்குள் இருந்தாலும் அப்படித்தான். ரோமிங்கில் இருக்கும் சிம்முக்கோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 மே 1 முதல் உள்ளூருக்கு 25 காசு, வெளிவட்டத்துக்கு 38 காசு என்று உச்சவரம்பு வைத்தது. வேலந்தாவளம், கோவிந்தாபுரம் போன்ற எல்லை ஊர்களில் அலைபேசி ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் மறுநேரம் கேரள டவரையும் பிடிப்பதால், ஒரே நாளில் இரண்டு விதமாகக் காசு கழிவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

பலரும் அறியாத செலவு நம் எழுத்திலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் உண்டு. தமிழ், மலையாளம், தெலுங்கு எழுத்துகளில் 70 இடம்தான். அதிலும் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனி இடம் போய்விடும். “அம்மா, பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன்.” என்ற ஒரு வரியில் நம் கண்ணுக்கு 20 எழுத்துகள்தான்; காற்புள்ளி, இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்ந்து அது எடுத்துக்கொள்வது 40 இடம். இன்னொரு வரி சேர்த்தால் 70ஐத் தாண்டி இரண்டு செய்திக்கான கட்டணம் ஆகும், நாளுக்கான 100இலும் இரண்டு குறையும். தமிழில் எழுதுவதைக் கைவிடச் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தமிழில்தான் எழுத வேண்டும் என்பதே என் விருப்பம். ஒரு வரியோடு நிறுத்தி, மீதியை அழைத்துப் பேசுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு சிரிக்கும் பொம்மையைச் சேர்த்தாலும் மொத்தச் செய்தியும் 70 இடக் கணக்குக்கு மாறிவிடும்.

யுபிஐ செயலியைப் புதிய அலைபேசியில் பதியும்போது, அது உங்கள் சிம்மிலிருந்து தானாகவே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்க்கும். சிம்மில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியோ பேலன்ஸோ இல்லாவிட்டால் பதிவு நடக்காது. நான் வந்த முதல் வாரத்தில் இது தெரியாமல், வங்கியில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் அலைந்தேன். சிறு தொகைக்கு ரீசார்ஜ் செய்ததும் பதிவு முடிந்தது.

ஆதாரும் வங்கிக் கணக்கும் தமிழ்நாட்டு எண்ணோடு இணைந்திருந்தால் அந்த எண்ணை விட்டுவிடாதீர்கள். திட்டம் காலாவதியானால் சில நாள்களில் ஓடிபி வருவதும் நின்றுபோகும். பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள, 365 நாள் வரை செல்லும் ரீசார்ஜ்களுக்கு 2024 டிசம்பரில் டிராய் வழிசெய்தது. டேட்டா வேண்டாத இரண்டாவது சிம்முக்கு அதுவே பொருத்தம்.

ஒரே எண் போதும் என்றால், 2015 ஜூலை முதல் வட்டம் விட்டு வட்டமும் எண்ணை மாற்றாமல் போர்ட் செய்யலாம். PORT என்ற சொல்லையும், இடைவெளி விட்டு உங்கள் எண்ணையும் ஆங்கிலத்தில் எழுதி 1900க்கு அனுப்புங்கள். திட்டத்தில் குறுஞ்செய்தி சேராவிட்டாலும் இந்தச் செய்தியை அனுப்ப நிறுவனம் அனுமதிக்க வேண்டும். பதிலாக வரும் குறியீடு நான்கு நாள் செல்லும், மாற்றம் முடிய ஐந்து வேலை நாள் ஆகும். தொலைந்ததற்கோ பழுதானதற்கோ மாற்று சிம் வாங்கினால், முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, போகாது. ஆகவே வீட்டு வாடகை முன்பணம் அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சிம்மை மாற்றாதீர்கள்.