கடிகாரத்தைக் கழித்தால் பயண நேரம் வராது

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இரவு 8 மணிக்குப் புறப்பாடு, சென்னையில் 9.30க்கு வருகை. டிக்கெட்டைப் பார்த்த என் மாமா, "ஒன்றரை மணி நேரம்தானே, சாப்பாடு எதற்கு?" என்று வெறும் வயிற்றோடு ஏறிவிட்டார். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இந்தியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதையும் கூட்டினால் பயணம் நான்கு மணி நேரம். திரும்பும்போது இரவு 11க்கு ஏறிக் காலை 5.30க்கு இறங்கினார். ஆறரை மணி நேரமாகத் தெரிந்தாலும் அதுவும் நான்குதான்.

சென்னைப் பயணத்தில் இந்தத் தவறு பசியோடு போய்விடும். நியூயார்க் என்றால் ஒரு நாளே கணக்கில் பிசகும். அங்கிருந்து வெள்ளி இரவு 10.30க்குக் கிளம்பும் நேரடி விமானம் ஏறத்தாழ 19 மணி நேரம் பறந்து, சாங்கியில் ஞாயிறு விடியற்காலையில்தான் இறங்கும். சனிக்கிழமையே அழைத்துவர வந்து வருகைக் கூடத்தில் காத்திருப்பவர்கள் உண்டு. நேர வித்தியாசமும் ஆண்டு முழுவதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மணி நேரம், மற்ற மாதங்களில் 13. நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை. அவர்கள் ஆண்டுக்கு இருமுறை திருப்புகிறார்கள்.

இதைவிட விலை கூடிய தவறு நள்ளிரவு விமானம். "15ஆம் தேதி 00.05" என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். என் தம்பி 15ஆம் தேதி இரவு 9 மணிக்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்றான். விமானம் போய் 21 மணி நேரம் ஆகியிருந்தது. புது டிக்கெட்டின் விலையை அவன் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

தூரத்தை வேகத்தால் வகுப்பவர்களும் ஏமாறுவார்கள். சென்னை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வகுத்தால் மூன்றேகால் மணி நேரம் வரும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்கும் வரிசையில் காத்திருப்பது எதுவும் அதில் சேராது.

நியூயார்க்கின் 15,300 கிலோமீட்டர்ச் சொச்சமும் உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம். பிள்ளையின் பூமி உருண்டையில் நீங்களே பிடித்துப் பாருங்கள்: நூல் வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும். விமானம் அந்த நூலிலேயே போக வேண்டும் என்பதில்லை. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்று முதுகில் தள்ளுமானால், பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போவதே லாபம். லண்டனுக்குப் போகும்போது அதே காற்று முகத்தில் அடிக்கிறது. அதனால்தான் போவதைவிட வருவது சீக்கிரம்.

இணையத்தில் தூரம் பார்க்கும்போது அலகையும் பாருங்கள். மைல் 1.609 கிலோமீட்டர், விமானிகள் சொல்லும் கடல் மைல் 1.852.