மூன்று ஆசை, ஒரே மாலை: பொழுதுபோக்குகளைச் சேர்த்து நடத்துவதில் நாம் செய்யும் தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுவது என் வேலை. மாலை வீடு திரும்பி, கடைக்குப் போய்வந்து, பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது போக ஒரு மணி நேரம் மிஞ்சும். அந்த ஒரு மணி நேரத்துக்கு மூன்று ஆசைகள் போட்டி போடுகின்றன: நகைச்சுவை நாடகம் எழுதுவது, பஜனைக் குழுவில் பாடுவது, கேரம். இப்படி இரண்டு மூன்றை ஒன்றாக இழுத்துப் பிடிக்கப் பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டவர்களை எங்கள் தெருவிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆர்வம் குறைச்சல் இல்லை. ஆனால் இடறிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

நாளைக் கூறு போடுவது

எல்லோரும் முதலில் செய்வது இது. எழுத்துக்கு இருபது நிமிடம், பாட்டுக்கு இருபது, ஆட்டத்துக்கு இருபது என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். பத்து நாள் தாங்காது. ஏனென்றால் மூன்றும் ஒரே மாதிரி நேரத்தைக் கேட்பதில்லை. எழுத உட்கார்ந்தால் மனசு அதில் படியவே இருபது நிமிடம் போய்விடும். கூட்டுப் பாட்டுக்குப் பத்துப் பேர் ஒரே இடத்தில் கூட வேண்டும். வீட்டில் தனியாக இருபது நிமிடம் பாடுவது வேறு விஷயம். ஆட்டமோ, கொடுத்த நேரத்தை விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும்.

நான் வருடக் கணக்குக்கு மாறினேன். மார்கழி முழுக்கப் பாட்டு. திருப்பாவை முப்பதும் திருவெம்பாவை இருபதும் விடியற்காலையில் தெருவைச் சுற்றி வரும்போது வேறு எதுவும் தலையில் ஏறாது. பொங்கல் விழாவுக்கான நாடகத்தைப் புரட்டாசிக்குள் எழுதி முடித்துவிடுவேன். தீபாவளி ஆர்டர் நெருக்கும் ஐப்பசியில் சனிக்கிழமைப் பாட்டு மட்டும், அதுவும் முடிந்தால். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் ஊரே தெருவில்தான் இருக்கும், அப்போது திட்டம் போடுவதே வீண். பையனுக்குப் பள்ளி விடுமுறை விடும் சித்திரை, வைகாசியில் கேரம் பலகை கூடத்தை விட்டு நகராது. ஒரு பருவத்தில் ஒன்று முன்னால் நிற்கும், மற்ற இரண்டும் வாரத்துக்கு ஒருமுறை தலைகாட்டும்.

மிச்சப்பட்ட நேரத்தில் நகைச்சுவை எழுதுவது

என் பார்வையில் இதுதான் பெரிய தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிரிக்க வைப்பது லேசான வேலை, களைத்துப்போன ராத்திரியிலும் எழுதிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றில் அதிகத் தெளிவு கேட்பது அதுதான்.

ஒரு உதாரணம். பட்டறையில் வைத்துத் தோன்றிய சங்கதி: ஒருவர் நிறையச் சத்தம் போடும் கொலுசு கேட்டு வருகிறார். இரவு பதினொரு மணிக்கு, கேரம் முடித்த கையோடு இப்படி எழுதினேன்: “எங்கப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு, ராத்திரி எந்திரிச்சு இனிப்பு எடுத்துச் சாப்பிடறாரு, அதனால அவருக்குச் சத்தம் வர்ற கொலுசு வேணும்.” மனைவியிடம் படித்துக் காட்டினேன். “சரி, அப்புறம்?” என்று கேட்டாள். விஷயம் முதல் வரியிலேயே அவிழ்ந்துவிட்டது, அப்புறம் சிரிக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே சங்கதியைத் திரும்ப எடுத்தேன்.

“நல்லா சத்தம் வர்ற கொலுசு ஒரு ஜோடி குடுங்க. எங்க போனாலும் தெரியணும்.”

“பாப்பாவுக்கு எத்தனை வயசுங்க?”

“எழுபத்தி ரெண்டு. எங்கப்பாங்க. சர்க்கரை இருக்குது, ராத்திரியானா அடுப்படிக்குப் போயிடறாரு.”

தகவல் ஒன்றும் மாறவில்லை. வந்த வரிசைதான் மாறியிருக்கிறது. கடைக்காரர் குழந்தை என்று நினைக்கிறார், பார்ப்பவரும் அப்படியே நினைக்கிறார், அந்த வயது வந்து விழும்போது சிரிப்பு வருகிறது. வயதுக்குப் பிறகு நடிப்பவர் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும் என்பதும் வாய்விட்டுப் படித்தபோதுதான் தெரிந்தது. இந்த மூன்று வரிக்கு ஒரு காலைப் பொழுது முழுக்கப் போனது, அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. நாள் முழுக்கத் தோன்றுவதைக் கைபேசியில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு அரை நிமிடம் போதும். செதுக்குவதை மட்டும் தெளிவான வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு, மனசு கூடி வரட்டும் என்று காத்திருப்பது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தின் அந்தப் பழைய நுழைவாயில் வளைவைக் கடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். டி.ஆர். சுந்தரம் 1935ல் தொடங்கி, நூறு படங்களுக்கு மேல் எடுத்த நிறுவனம். கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே எழுதியவர்கள். சுந்தரம் நேரக் கண்டிப்புக்குப் பேர்போனவர். தேதி இருந்தால் எழுத்து வரும். நமக்கு அப்படிக் கண்டிக்க முதலாளி கிடையாது, அதனால் பொங்கல் விழாக் குழுவிடம் முன்கூட்டியே நாள் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு தப்பிக்க முடியாது.

தொண்டையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

வெள்ளிக்கிழமை இரவு கேரம். சிவப்புக் காயைப் போட்டு, அதை உறுதியாக்கும் அடுத்த காயான ஃபாலோவும் விழுந்துவிட்டால் யாரால் கத்தாமல் இருக்க முடியும்? மறுநாள் மாலை பஜனையில் மேல் ஸ்தாயி எட்டாது. மூன்று வாரம் இப்படி நடந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஆட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றினேன், தீர்ந்தது. ஒன்று மற்றொன்றின் எதைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும். நேரத்தை மட்டுமே பார்த்தால் தெரியாது.

பாட்டைப் பற்றி இன்னொன்றும் உண்டு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு வீட்டில் தனியாகப் பாடிப் பழகிவிட்டு, கூட்டுப் பயிற்சிக்கு இரண்டு வாரம் வராமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டு அவர்களுக்கு மனப்பாடம், ஆனால் சேர்ந்து பாடும்போது உறுத்தும். எங்கள் குழுவில் பெண்களுக்கு ஐந்து கட்டை சுருதி சௌகரியம், ஆண்களுக்கு ஒன்று அல்லது ஒன்றரை. எல்லோரும் சேர்ந்து பாடும் வரிகளுக்கு ஹார்மோனியத்தில் ஏதோ ஒரு கட்டையில் ஒத்துப்போக வேண்டும். யாருக்கு எது சிரமம், யார் எங்கே மூச்சு எடுக்கிறார், அடுத்தவர் எங்கே தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் காதில் விழும். எனவே மூன்றில் நாள் மாற்றக் கூடாதது பாட்டு ஒன்றுதான். எழுத்தை நான் தள்ளிப் போட்டால் நஷ்டம் எனக்கு. பாட்டுக்குப் போகாவிட்டால் பத்துப் பேருக்கு.

முடிவில்லாத ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

கேரத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. போட்டி விதிப்படி 25 புள்ளி அல்லது 8 போர்டு (காய்களை அடுக்கி ஆடும் ஒரு சுற்று ஒரு போர்டு), அதோடு ஒரு ஆட்டம் முடிந்தது. எதிரே இருப்பவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். கைபேசியில் விளையாடும் மூன்று நிமிடச் சதுரங்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. தோற்றால் உடனே இன்னொருவர் காத்திருப்பார். என் பங்காளி முறை தம்பி ஒருவன், நல்ல பாட்டுக்காரன், இதிலேயே ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தான். நான் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, ஆளுக்குப் பத்து நிமிஷம் வெச்சு ஒரே ஆட்டம் ஆடு. ஜெயிச்சாலும் தோத்தாலும் அந்த ஆட்டத்தையே திரும்பப் போட்டுப் பாரு.” இப்போது அரை மணியில் எழுந்துவிடுகிறான், ஆட்டமும் முன்பைவிடத் தேறியிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே பையில் போடுவது

போன வருடம் குழுவோடு ஏற்காடு போனோம். போகிற வழியில் பாட்டுப் பயிற்சி, மேலே போய்க் கேரம், சாயங்காலம் நாடகம் படித்துப் பார்ப்பது என்று திட்டம். இருபது கொண்டை ஊசி வளைவில் பத்தாவதைத் தாண்டும் முன்பே பாதிப் பேருக்குத் தலைசுற்றல், பாட்டு நின்றது. பலகையை எடுத்துப் போனோம், பவுடரை மறந்துவிட்டோம். நாடகப் பிரதி பையைவிட்டு வெளியே வரவேயில்லை. ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருந்த அரை மணி நேரம்தான் அன்று எல்லோருக்கும் பிடித்தது.

இடைவெளி விழுந்தால் வெட்கப்பட்டு ஒதுங்குவது

வேலை நெருக்கடியில் ஒரு மாதம் விட்டுப்போகும். அதன்பிறகு “இனி எப்படிப் போய் நிற்பது” என்ற தயக்கத்திலேயே முழுக்க விட்டுவிடுகிறார்கள். விட்ட இடத்திலேயே தொடங்க வேண்டும் என்ற எண்ணம்தான் தடுக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஐப்பசி முழுக்க நான் போகவில்லை. கார்த்திகை முதல் சனிக்கிழமை மண்டபத்து வாசலில் தயங்கி நின்றபோது, குழுவில் மூத்த அம்மா ஒருவர் பார்த்துவிட்டார். “பாட வேண்டாம் கண்ணு, உள்ளே வந்து ஜால்ரா தட்டு, தாளம் நிக்கட்டும்” என்றார். அன்று முழுக்க ஜால்ராதான் தட்டினேன். அடுத்த வாரம் தானாகவே பாட ஆரம்பித்துவிட்டேன்.