பொம்மைக் கையில் பழகிவிட்டு வார்டுக்கு வருபவர்கள் செய்யும் தவறுகள்

புதிய பயிற்சி மருத்துவர்களுக்குக் கேனுலா (ஊசியின் உதவியால் ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போடச் சொல்லித் தருகிறேன். அந்த வயதில் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். கையுறை மறப்பது போன்றவற்றை யாராவது அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்கள், அதனால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

"செய்துவிட்டேன்" என்று வாயால் சொல்வது

பொம்மைகளை வைத்துப் பழகும் சிமுலேஷன் அறையில் "ஊசியை ஷார்ப்ஸ் பாக்ஸில் (பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டி) போட்டுவிட்டேன்" என்று சொன்னாலே மதிப்பெண் கிடைத்துவிடும். பாக்ஸ் எங்கோ மூலையில் இருக்கும். நேரமாகிறதே என்று ஆசிரியரும் விட்டுவிடுவார். நானும் இப்படித்தான் தேறினேன்.

வார்டில் முதல் வாரம். நீர்ச்சத்து வற்றிப்போய் வந்த ஒரு பெரியவர். இரண்டு முறை குத்தியும் ரத்தக்குழாய் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை கேனுலாவின் பின்பக்கம் ரத்தம் எட்டிப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊசியை உருவி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் விரிப்பின் மேல் வைத்துவிட்டு, பிளாஸ்டர் ஒட்டத் திரும்பினேன். விரிப்பைச் சரிசெய்ய வந்த சிஸ்டர் "ஸ்..." என்றார். கையுறையின் விரல் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி.

ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால் 100 பேரில் 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். எச்.ஐ.வி. என்றால் 1,000-க்கு சுமார் 3. அதற்கான தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். "டாக்டர், குழந்தைக்கு இன்னைக்குப் பால் கொடுக்கலாமா?" என்று சிஸ்டர் கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை. பெரியவரின் பரிசோதனையில் எந்தத் தொற்றும் இல்லை. ஆனாலும் முடிவு வரும்வரை அந்த அம்மா பட்ட பாடு என்னால் வந்தது.

அதனால் என் வகுப்பில் வாயால் சொன்னால் மதிப்பெண் கிடையாது. தோலைத் தொடும் முன்பே பாக்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உருவிய ஊசி நேராக அதற்குள் விழ வேண்டும். இத்தனை சொல்லியும் போன வாரம் ஒருவர் தலையணை ஓரத்தில் வைத்தார். கோபத்தை அடக்கிக்கொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பட்டையைத் தளர்த்த மறப்பது

ரத்தக்குழாய் புடைக்கக் கையில் கட்டும் பட்டையைத்தான் சொல்கிறேன். பொம்மைக் கை பொறுத்துக்கொள்ளும். மனிதக் கையில் ரத்தம் விரிப்பெல்லாம் ஓடும்.

மூன்றாவது முயற்சி

இரண்டோடு நிறுத்திவிட்டு இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

பொம்மையே வேண்டாம் என்பது

நேராக நோயாளியிடமே கற்கலாம் என்று சில மூத்தவர்கள் சொல்வார்கள். சரி, இதயம் நின்றவருக்குக் கொடுக்கும் மார்பு அழுத்தத்தை எங்கே கற்பது? நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். துடிக்கும் இதயத்தின் மேல் அதைப் பழக முடியாது. 1960-இல் ரெசஸி ஆன் என்ற முதலுதவிப் பயிற்சிப் பொம்மை வந்ததே இதற்காகத்தான்.

பேசாமல் குத்துவது

பொம்மை கையை இழுக்காது, நோயாளி இழுப்பார். "இப்போ சுருக்குன்னு இருக்கும் ஐயா, கையை ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தலையாட்டிய பிறகு குத்துங்கள்.