மலைக்குக் கிளம்பும் முன், கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

கொல்லிமலை ஆகாய கங்கைக்கு முதல் தடவை போனபோது எங்கள் கணக்கு ரொம்ப எளிது. நாமக்கல்லில் பஸ் ஏறுவது, அறப்பளீஸ்வரர் கோயிலில் இறங்குவது, ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி அருவியில் குளிப்பது. இறங்க அரை மணி நேரம்தான் ஆனது. ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். முட்டி இரண்டும் தந்தியடிக்க மேலே வந்து சேர்ந்தால் பஸ் போய்விட்டது. பலாப்பழம் ஏற்றிய வேன் ஒன்றை மறித்துக் கெஞ்சி, மூட்டைகளுக்கு நடுவே, கொல்லிமலையின் முக்கிய ஊரான செம்மேடு வந்தோம். படியை எண்ணத் தெரிந்த எங்களுக்கு, காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் “அண்ணே, கடைசி வண்டி எப்போ?” என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு நாள் பயணத்தை வாலிலிருந்துதான் போட வேண்டும். திரும்பும் பஸ் எது என்பதை முதலில் முடிவுசெய்து, மிச்ச நேரத்தில்தான் அருவியும் தோட்டமும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஊர்களில் ஒன்றை விட்டால் இன்னொன்று வரும். மேகமலை, கொல்லிமலை, வால்பாறையின் எஸ்டேட் பக்கமெல்லாம் வண்டிகள் குறைவு. சுவரில் எழுதியிருக்கும் நேரத்தையும், போனில் காட்டும் நேரத்தையும் நம்பிவிடாமல், பஸ் ஸ்டாண்டில் இருக்கும் டைம் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிலோமீட்டர் கணக்கு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர்தான். சமவெளியில் ஒன்றரை மணி நேரத் தூரம். ஆனால் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். வளைவுக்கு வளைவு நின்று, ஹாரன் அடித்து, ஒதுங்கித்தான் போக முடியும். சமவெளிக்கு ஆகும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. கொடைக்கானல் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டு ஏரி எங்கே என்று தேடக் கூடாது, அது அம்மையநாயக்கனூர். மலை அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர், வத்தலக்குண்டு வழியாகப் போக வேண்டும். கோயம்புத்தூரில் குழப்பம் பஸ் ஸ்டாண்டில். ஊட்டி பஸ்கள் மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்புகின்றன. மதுரையிலிருந்து வருபவரை சிங்காநல்லூரில் இறக்கிவிடுவார்கள். நடுவில் டவுன் பஸ் பிடித்து ஊரைக் கடப்பதற்கே காலை நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

ராத்திரி பஸ்ஸில் போனால் ஒரு நாள் மிச்சம் என்று நினைப்பது பாதிதான் சரி. விடிகாலையில் ஊட்டியில் இறக்கிவிடுவார்கள், அறை கிடைப்பதோ பகல் பன்னிரண்டுக்கு. 2,240 மீட்டர் உயரத்தில், டிசம்பர், ஜனவரி என்றால் புல்லில் உறைபனி படிந்திருக்கும் நேரத்தில், சட்டையோடு நின்றுகொண்டு டீக்கடை தேட வேண்டும். ஸ்வெட்டரை லக்கேஜின் அடியில் வைத்துக் கட்டியிருப்பீர்கள், அது வேறு. பையை வைத்துக்கொள்ள முடியுமா, முன்னாடியே அறை தருவார்களா என்று புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

இனி, யாரும் பேசத் தயங்கும் விஷயம்: வாந்தி. பத்தாவது வளைவில் பின்சீட்டில் ஒரு குழந்தை ஆரம்பிக்கும், பதினைந்துக்குள் நான்கு பேர். உடம்பு திரும்புவதைக் காது உணர்கிறது. கண்ணோ கையிலிருக்கும் போனைப் பார்த்து எதுவும் அசையவில்லை என்கிறது. இந்தச் சண்டைதான் வயிற்றைப் புரட்டுகிறது. அதனால் போனை உள்ளே வையுங்கள், தூரத்து மலையைப் பாருங்கள். பின் சக்கரத்துக்கு மேலும் கடைசி வரிசையிலும் ஆட்டம் அதிகம், முன்பக்கம் இடம் பிடியுங்கள். அடிவாரத்தில் பரோட்டாவும் சால்னாவும் முட்ட முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுவது தவறு. ஒன்றுமே சாப்பிடாமல் ஏறுவதும் தவறு. இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுபவர்கள் குமட்டல் வந்த பிறகு போடுகிறார்கள். அதற்குள் அது வேலை செய்யும் கட்டம் தாண்டிவிடும். டாக்டரைக் கேட்டு, வண்டி ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வரும் பாட்டிகளைக் கிண்டல் செய்யாதீர்கள். கடைசியில் தெம்பாக இறங்குவது அவர்கள்தான்.

இ-பாஸ் பற்றிய குழப்பம் இன்னும் தீரவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. அரசு பஸ்ஸில் போகிறவர் அதை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பஸ்ஸில் இடமில்லை என்று மேட்டுப்பாளையத்தில் ஒரு டாக்ஸியைப் பேசி ஏறினால் கதை மாறும். பாஸ் இருக்கிறதா என்று டிரைவரிடம் முதலில் கேளுங்கள்.

ஊட்டியிலிருந்து அப்படியே மைசூருக்குப் போகலாம் என்று இருப்பவர்கள் சாயங்காலம் வரை ஊர் சுற்றக் கூடாது. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். விதிவிலக்காக ஓடும் ஒன்றிரண்டு பஸ்ஸை நம்பித் திட்டம் போட முடியாது. மழைக்கும் இப்படி ஒரு கணக்கு வேண்டும். ஜூன், ஜூலையில் வால்பாறை ஊறிக்கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீலகிரிப் பாதையில் மண் சரியும், மலை ரயிலும் நிற்கும். அந்த மாதங்களில் திங்கட்கிழமை காலை ஆபீஸில் கட்டாயம் இருக்க வேண்டியவர், ஞாயிறு ராத்திரி பஸ்ஸை நம்பக் கூடாது.

சீசன் என்றாலும் ஞாயிறு சாயங்காலம் வேண்டாம்தான். நான்கு மணிக்கு மேல் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை, தொப்பி, சில நேரம் குழந்தையே உள்ளே போய் இடம் பிடித்துவிடும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கிளம்பினால் உட்கார்ந்து வரலாம். எங்கள் வீட்டில் இப்போது ஊட்டி வர்க்கி பிஸ்கட் பாக்கெட்டைச் சனிக்கிழமையே வாங்கிவிடுகிறோம், ஞாயிறு பதினொரு மணி வண்டிக்காக.