ஒரே தோப்பில் இரண்டு ரேடியோ: குழுப் போட்டிக்கு நிலையம் அமைப்பது

பொழுதுபோக்காக வானொலியில் உலகெங்கும் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள், குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை பல நிலையங்களைத் தொடர்புகொள்ளும் சிக்யூ வேர்ல்டு வைட் குரல் போட்டி அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் வருகிறது. நம் நேரப்படி சனி காலை 5:30-க்குத் தொடங்கித் திங்கள் காலை 5:29 வரை 48 மணி நேரம். நான்கைந்து பேர், இரண்டு ரேடியோ, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புச் சாளை (தோட்டத்து வீடு) இருந்தால் 'மல்டி-டூ' பிரிவில் இறங்கலாம். அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பேண்டுகளில் (அலைவரிசைப் பட்டைகளில்) இரண்டு சிக்னல். பேண்டுகளை அலைநீளத்தால் சொல்வோம்: 40 மீட்டர் என்றால் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 20 மீட்டர் என்றால் 14. எல்லா ரேடியோவும் 500 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை பேண்ட் மாற்றலாம் என்பதை அந்த ஆண்டு விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரத்து நிலையங்களை விட அதிகத் தொல்லை தருவது பக்கத்து மேசைதான். ஐசி-7300 போன்ற நேரடி சாம்ப்ளிங் ரேடியோவில் (ஆண்டெனா சிக்னலை நேராக எண்களாக மாற்றும் வகை) டயல் 14.200 மெகாஹெர்ட்ஸில் இருந்தாலும், 40 மீட்டரில் பக்கத்து ரேடியோ விடும் 100 வாட்டில் ஒரு பங்கு ஆண்டெனா வழியாக உள்ளே வந்து, டிஜிட்டல் மாற்றியைத் திணறடிக்கும். திரையில் 'ஓவிஎஃப்' (அளவுக்கு மீறிய சிக்னல் எச்சரிக்கை) எரியும். மெல்லிய சிக்னல்கள் காணாமல் போகும். இரண்டாவது புது ரேடியோவுக்குக் காசு சேர்க்கும் முன் பேண்ட்பாஸ் ஃபில்டர்களை (ஒரு பேண்டை மட்டும் விட்டு மற்றதைத் தடுப்பவை) வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

போட்டிக்கு முந்தைய நாளே ஒருவர் 7.125-ல் முழு பவரில் பேச, மற்றவர் 20 மீட்டரில் கேட்டுப் பாருங்கள். பேசும்போது மட்டும் ஓவிஎஃப் எரிந்தால் கேட்கும் பக்கம் ஃபில்டர் வேண்டும். ஓவிஎஃப் எரியாமல் பேண்ட் முழுக்க இரைச்சல் ஏறினால், அது அனுப்பும் ரேடியோவின் அகலமான இரைச்சல். ஃபில்டரை அந்தப் பக்கம் போடுங்கள். சரியாக 14.250-ல் மட்டும் குரல் கேட்டால் அது இரண்டாம் ஹார்மோனிக், அதாவது 7.125-ன் இரு மடங்கு. அதற்கு 40 மீட்டர் லைனில் ஒரு டி கனெக்டர் வைத்து, மறுமுனை ஷார்ட் செய்த கோஆக்ஸ் (ஆண்டெனா கேபிள்) துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். ஆர்ஜி-213 வகைக் கேபிள் என்றால் (வேகக் காரணி, அதாவது வெற்றிடத்தோடு ஒப்பிட்ட அலை வேகம், 0.66) கணக்குப்படி சுமார் 6.97 மீட்டர். 7.2 மீட்டராக வெட்டி, நானோவிஎன்ஏ என்ற அளவுக் கருவியில் பார்த்துக்கொண்டே, சிக்னல் விழும் பள்ளம் 14.2-க்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். இந்தத் துண்டு 14, 28 இரண்டையும் அடக்கும், 21-ஐ அடக்காது.

ஃபில்டர் வந்ததும் புது ஆபத்து ஒன்றும் கூடவே வரும். ராத்திரி மூன்று மணித் தூக்கக் கலக்கத்தில் ரேடியோவை 40-க்கு மாற்றிவிட்டு, 20 மீட்டர் ஃபில்டரை அப்படியே விட்டுவிடுவார்கள். ரேடியோவை ஆண்டெனாவோடு பொருத்தும் உள் டியூனர் ஆஃபில் இருந்தால் எஸ்டபிள்யூஆர் (திரும்பி வரும் பவரின் அளவுகோல்) எகிறி ரேடியோ பவரைக் குறைத்துக்கொள்ளும். ஆனில் இருந்தால், மேட்ச் கிடைத்துவிட்டது என்று நம்பி ஃபில்டரைச் சுட்டுவிடக்கூடும். டியூனரை ஆஃபிலேயே வையுங்கள்.

20 மீட்டர் பேண்டுக்கு டைபோல் (நடுவில் கேபிள் இணைக்கும் கம்பி ஆண்டெனா) மொத்தம் சுமார் 10 மீட்டர் நீளம், 40-க்கு 20 மீட்டர். இரண்டையும் இணையாகக் கட்டாமல் ஒரே கோட்டில், நுனி நுனியைப் பார்க்கும்படி கட்டினால் கலப்பு குறையும். இங்கிருந்து ஐரோப்பா, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால், ஏறத்தாழ 320 டிகிரி, ஜப்பான் 55. 20 மீட்டர் பேண்ட் கம்பியை வடகிழக்கு–தென்மேற்காக இழுத்தால் ஐரோப்பா கம்பிக்குச் செங்குத்தாக அமைந்து நன்றாக வரும். ஜப்பான் கம்பி நுனியில் விழுந்து மங்கிப்போகும். காலையில் ஜப்பானைப் பிடிக்க நிமிர்ந்து நிற்கும் வெர்ட்டிகல் ஆண்டெனா ஒன்றைத் தனியாக நிறுத்தலாம். நனைந்த தென்னை ஓலை கம்பியில் உரசாதபடி பாருங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது பேட்டரியில் ஓடும் ரிசீவர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மாலையில் நடங்கள். பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்கூடங்களின் மோட்டார் டிரைவ், மற்ற இடங்களில் சோலார் பம்பு இன்வெர்ட்டர் என்று எங்கும் இரைச்சல் உண்டு. ஆனைமலை அடிவாரத்தில் சோலார் வேலி சுமார் ஒரு விநாடிக்கு ஒரு 'டிக்' போடும். ரேடியோவில் உள்ள நாய்ஸ் பிளாங்கர் என்ற இரைச்சல் தடுப்பு அதை அடக்கிவிடும். ஆனால் போட்டி நேரத்தில் அதே பிளாங்கர், நல்ல சிக்னலையும் பக்கத்தில் சிதறுவதாகக் காட்டும். அடுத்தவர் ஆடியோ கெட்டது என்று திட்டுவதற்கு முன் அதை ஆஃப் செய்து கேளுங்கள்.

ரேடியோ அமைப்புகள் சுருக்கமாக: 40 மீட்டரில் ப்ரீஆம்ப் (வரும் சிக்னலைப் பெருக்குவது) வேண்டாம், ஓவிஎஃப் எரிந்தால் ஆர்எஃப் கெயினை (உள்வாங்கும் உணர்திறனை) குறையுங்கள். பேண்டில் கூட்டம் அதிகமானால் ரேடியோவின் உள் ஃபில்டர் அகலம் 1.8 கிலோஹெர்ட்ஸ். குரல் மெமரியை ஆளுக்கொன்றாகப் பதியுங்கள், ஏனென்றால் ஒருவர் பதிவில் சிக்யூ (பொது அழைப்பு) போய் இன்னொருவர் பதில் சொன்னால் எதிர்முனை ஒரு நொடி தடுமாறும்.

100 வாட்டில் ரேடியோ சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். மூன்று மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், போக வர கிட்டத்தட்ட 0.9 வோல்ட் விழும். 6 சதுர மில்லிமீட்டரில் 0.4-க்குள். பேட்டரியில் ஓட்டினால் இந்த அரை வோல்ட்தான் ரேடியோவைக் காப்பாற்றும்.

இரண்டு ரேடியோவின் கணினிகளிலும் என்1எம்எம் லாகர் பிளஸ் (தொடர்புகளைப் பதியும் மென்பொருள்) ஒரே பதிப்பாக, ஒரே போட்டியைத் திறந்து, வைஃபை இல்லாமல் கேபிளில் இணையட்டும். ஒன்று மட்டும் மாஸ்டர். நேரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆள் மாறும்போது கண்ட்ரோல்+ஓ அழுத்தி அவர் அழைப்புக்குறியைப் போடுங்கள். மென்பொருள் ரேடியோவுக்கான போர்ட்டைத் திறந்தவுடன் ரேடியோ தானாக டிரான்ஸ்மிட் ஆனால், போர்ட் அமைப்பில் ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற கட்டுப்பாட்டு சிக்னல்கள் இரண்டையும் 'எப்போதும் ஆஃப்' என்று வையுங்கள். பேசும்போது யூஎஸ்பி துண்டித்தால் 31 கலவை ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள்) வளையத்தில் கேபிளைச் சுற்றுங்கள். கோஆக்ஸிலும் ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒன்று தேவைப்படும்.

அக்டோபர் கடைசி என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். மாலை இடி முதலில் ரிசீவரில்தான் 'சடசட' என்று தெரியும். அது வலுக்கத் தொடங்கியதும், இடிச் சத்தம் காதில் விழும் முன்பே, புள்ளிக் கணக்கெல்லாம் பார்க்காமல் எல்லா கோஆக்ஸையும் கழற்றிச் சாளைக்கு வெளியே போடுங்கள். கழற்றிய நேரத்தைப் பலகையில் எழுதி, அந்தந்த லைனில் எந்த பேண்ட் என்ற சீட்டையும் கட்டிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது இருட்டில் தப்பான ஃபில்டரில் மாட்டுவது அப்போதுதான் நடக்கும்.