பேக்கப் எதில் வைப்பது?
கடலூர் மாதிரி கடலோர ஊரில் பேக்கப்புக்கு, அதாவது கோப்புகளின் பாதுகாப்புப் பிரதிக்கு, பென்டிரைவை நம்பாதீர்கள். அது கோப்புகளைக் கொண்டுபோகத்தான். எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் டிஸ்க்) செருகாமல் வருடக்கணக்கில் கிடந்தால் தரவை இழக்கக்கூடும். வீட்டுப் புகைப்படம், பத்திர ஸ்கேனுக்கெல்லாம் ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் தாராளம். உப்புக்காற்றில் யூஎஸ்பி முனை துருப்பிடிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, இறுக்க மூடும் டப்பாவில் மேல் அலமாரியில் வையுங்கள்.

அப்புறம், 2011 'தானே' புயல், 2024 'ஃபெஞ்சல்' புயல் இரண்டையும் பார்த்த ஊர் இது. ஒரே வீட்டில் இரண்டு பிரதி இருந்தும் பிரயோஜனமில்லை. இன்னொரு டிஸ்க்கை திருச்சிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபி ஆவணங்களுக்குச் சரி, கல்யாண வீடியோவுக்குப் பத்தாது. பொங்கலுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது அங்கே இருக்கும் டிஸ்க்கைச் செருகி நாலு கோப்பையாவது திறந்து பாருங்கள்.